வெறும் குடுவையில் ஒரு நீலப் புள்ளி

ஜனவரி 12

அன்பு மகள் குண்டூசிக்கு,

நலம். நீ நலமா? இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று உன் அம்மா சொல்லிக்கொடுத்தாள்.

இதை எழுதுவது அப்பா. நம்பு. உன் நிஜப் பெயரை எழுத இன்னும் தைரியம் வரவில்லை. அதில் ஒரு கூட்டெழுத்து குறுக்கே படுத்திருக்கிறது. குண்டூசி என்றால் எனக்கு எளிது.

முப்பது வருடம் லிஃப்டில் நின்றேன். எண் தெரிந்தால் போதும் என்ற வேலை. 'ஏறினீங்க, இறங்கினீங்க, ஒரு அடி முன்னால போகல' என்று உன் அம்மா கேலி செய்வாள். இப்போது போகிறேன். நேற்று தெருவில் நின்று 'இங்கே நோட்டீஸ் ஒட்டாதே' என்பதைச் சத்தமாகப் படித்தேன். அதன் மேலேயே ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதையும் படித்தேன்.

போன வருடம் முழுவதும் உன் அம்மா சாப்பாட்டு மேசையில் என் கைமேல் தன் கையை வைத்து எழுத வைத்தாள். நான் எங்கே எழுதினேன், என் கை அவள் கைக்குள் சவாரி போனது. இதுவரை அவள்தான் உனக்கு எழுதுவாள், நான் பக்கத்திலிருந்து வாயால் வால் சேர்ப்பேன். இனி நான் எழுதுகிறேன். அவள் கைக்கு ஓய்வு. துணி அளவு குறிக்கக் காதில் செருகிக்கொள்வாளே, அந்தச் சிவப்புப் பென்சில் இப்போது என்னிடம். முனையில் அவள் பல் தடம் அப்படியே இருக்கிறது.

போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். பேசிவிட்டால் எழுதச் சோம்பல் வரும். கோபித்துக்கொள்ளாதே.

நீ என்ன வேலை செய்கிறாய் என்று இனி நானே படித்துத் தெரிந்துகொள்வேன். எனக்குப் புரிகிற மாதிரி எழுது. இந்த ஒரு பக்கம் முடிய மூன்று நாள் ஆனது. கை வலிக்கிறது, சுகமாக இருக்கிறது.

உன் அப்பா

*

ஜனவரி 30

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உறையைப் பிரித்ததும் அம்மாதான் எழுதி, உங்கள் பெயரைப் போட்டு விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அந்த 'ழ'வின் வாலைச் சுழற்றி அடுத்த எழுத்தின் காலடியில் கொண்டுபோய் விடுவது அவள் பழக்கம். நோட்டீஸ் கதையைப் படித்த பிறகுதான் நீங்கள் என்று நம்பினேன். ஆய்வகத்தில் எல்லோருக்கும் காட்டினேன்.

என் வேலை இதுதான். இரண்டு பொருள்கள் இருக்கின்றன. எவ்வளவு சூடாக்கினாலும் ஒன்றோடொன்று சேராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். ஆனால் சில மருந்துகள் செய்ய அவை சேர்ந்தாக வேண்டும். பல்லேடியம் என்ற விலை உயர்ந்த உலோகம் சேர்த்துவைக்கும். சேர்த்துவிட்டு, தான் எதிலும் ஒட்டாமல் விலகி வந்துவிடும். அதைத்தான் வினையூக்கி என்கிறோம். தங்கம் இந்த வேலையைச் செய்யாது என்று எல்லோரும் சொன்னார்கள். என் தங்கம் செய்கிறது அப்பா.

நகைத் தங்கம் இல்லை. நுண்ணோக்கியில்கூடத் தெரியாத அளவுக்குச் சின்னத் துகள்கள். அவ்வளவு சின்னதானால் தங்கம் மஞ்சளாக இருக்காது, தண்ணீரில் மாதுளைச் சாறு போல இருக்கும். அதில் சில துளிகளை அந்த இரண்டு பொருள்களோடு விட்டுக் கிளறிக்கொண்டே சூடாக்கினால் இரண்டும் சேர்ந்துவிடும். சேர்ந்த பொருளை ஊதா விளக்கின் கீழே வைத்தால் நீலமாக ஒளிரும்.

மே மாதம் இதைத் தேர்வுக் குழுவின் முன்னால் சொல்ல வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்டால் இங்கேயே நிரந்தர வேலை. இரண்டு அறை உள்ள வீடாகப் பார்த்து உங்கள் இருவரையும் கூட்டிவந்துவிடுவேன். மூன்று வருடமாக இதற்காகத்தான் ஓடுகிறேன்.

என் மேசையில் எனக்கு முன்னால் வேலை பார்த்தவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். நோயில் போய்விட்டார். அவர் கோட்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது, யாருக்கும் எடுக்க மனம் வரவில்லை. இங்கே ஒரு பழக்கம் உண்டு. மேசையை விட்டுப் போகிறவர் தன் கிளறியை அடுத்து வருகிறவருக்கு விட்டுப்போவார். கிளறி என்றால் வெள்ளை உறை போட்ட ஒரு சின்னக் காந்தத் துண்டு. குடுவைக்குள் போட்டு, சூட்டுத்தட்டின் மேல் வைத்தால் தானே சுற்றும். அக்காவுடையதுதான் என்னிடம் இருக்கிறது. ராசியானது. அதைத் தவிர வேறு கிளறி எதையும் நான் தொடுவதில்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள். பதிலுக்காகத் தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடும்,
உங்கள் குண்டூசி

*

பிப்ரவரி 16

அன்பு மகள் குண்டூசிக்கு,

நலம். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? உன் அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி இல்லை. கை வலியும் இல்லை. நிம்மதியாக இருக்கிறாள்.

உன் கடிதத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். பல்லேடியம் என்பதில் இரண்டு தடவை விழுந்து எழுந்தேன். கீழ்வீட்டு சைக்கிள் கடைக்காரரிடம் என் மகள் தங்கத்தைச் சிவப்பாக்குகிறாள் என்றேன். 'என் சைக்கிளெல்லாம் தானா சிவப்பாகுது, துருப்பிடிச்சு. அதுக்கு யாரும் வேலை தரல' என்றார்.

எனக்குப் புரிந்தது இதுதான். உன் தங்கம் ஒரு கல்யாணத் தரகர். பெண்ணையும் பிள்ளையையும் சேர்த்துவைத்துவிட்டு, பந்தியில்கூட உட்காராமல் செருப்பைப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். சரியா? உன் அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. தப்பாக இருந்தால் அவள் சும்மா விடமாட்டாள் என்பதால் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த அக்காவின் கோட்டை எடுக்காதீர்கள். தொங்கட்டும். அது யாரை என்ன செய்கிறது. இங்கேயும் தையல் மெஷினை நான் நகர்த்தவில்லை. ஊசியில் நீல நூல் கோத்தபடி இருக்கிறது.

பென்சிலைச் சீவினேன். சீவச் சீவ வாசனை வருகிறது. உன் அம்மா தலைமாட்டில் வரும் அதே வாசனை.

மே மாதம் வரை வேறு எதையும் நினைக்காதே. இது நான் மட்டும் சொல்வதில்லை.

உன் அப்பா

*

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தான். உங்கள் இருவர் நலத்தையும் எழுதுங்கள்.

ஒன்று நடந்திருக்கிறது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

தங்கம்தான் வேலை செய்கிறது என்று காட்ட, தங்கம் இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் போட்டு ஒரு வெறும் குடுவையும் வைக்க வேண்டும். அதில் ஒன்றும் நடக்கக் கூடாது. முதல் வருடம் இதைச் சின்னக் குழாயில், கையால் குலுக்கிச் செய்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எழுதிவைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். குழுவுக்குக் காட்ட முறையாக ஒன்று செய்துவிடு என்று போன வாரம் பேராசிரியர் சொன்னார். பெட்டியைப் பிரித்துப் புதுக் குடுவை எடுத்தேன். தங்கம் விடவில்லை. கிளறவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து ஊதா விளக்கின் கீழே பார்த்தால் நீலப் புள்ளி.

சேர வைக்க யாருமே இல்லாத குடுவையில் இரண்டும் சேர்ந்திருந்தன. மறுநாள் மீண்டும் செய்தேன். மீண்டும் நீலம். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

'இதுல என்ன போட்டீங்க?'

'ஒண்ணும் போடல.'

'அக்கா இன்னும் ராஜினாமா பண்ணல போல' என்று சிரித்தார். பிறகு ஆணியில் இருந்த கோட்டைப் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

எதுவும் இல்லாமலே நடக்கிறது என்றால் என் தங்கம் எதற்கு? மூன்று வருடம் எதற்கு? பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.

அம்மாவை ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள் அப்பா. அவள் கையால். அதைப் பார்த்தால் போதும்.

குண்டூசி

*

மார்ச் 24

அன்பு மகள் குண்டூசிக்கு,

நலம். பயப்படாதே.

நான் ஓட்டிய லிஃப்ட் நாலாவது மாடியில் தானாக நிற்கும். யாரும் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார்கள். கதவு திறக்கும், வராந்தா காலியாக இருக்கும். அந்த மாடியில் இருந்த கணக்கர் ஒருவர் இறந்துபோன பிறகுதான் அப்படி என்று பேசிக்கொண்டார்கள். மெக்கானிக் வந்து மூன்று தடவை கழற்றி மாட்டினான். என்ன காரணமோ, நின்றுகொண்டேதான் இருந்தது. கடைசியில் நான் ஒன்று செய்தேன். கதவு திறந்ததும் 'வாங்க' என்பேன். ஒரு ஆள் ஏறும் நேரம் பொறுப்பேன். கதவை மூடிக் கீழே கொண்டுபோய் விட்டுவிடுவேன். லிஃப்டுக்குள் இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்றார்கள். ஆனால் அவர்களும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.

காரணம் இருந்தால் நீ கண்டுபிடிப்பாய், படித்தவள். இல்லாவிட்டால் 'வாங்க' என்று சொல். ஒன்றும் குறைந்துபோகாது.

உன் அம்மாவிடம் நீ கேட்டதைச் சொன்னேன். இந்தக் காகிதத்தை இரவு மெஷின் மேல் வைத்துவிடுகிறேன். நாளைக் காலை உறையில் போட்டு ஒட்டுவேன்.

உன் அப்பா

குண்டூசி, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே.

*

ஏப்ரல் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் வரி கிடைத்தது. எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நான் ஈரத் தலையோடு ஆய்வகம் போவது அவளுக்கு எப்படித் தெரிந்தது?

வெறும் குடுவை இன்னும் வேலை செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் திரும்பத் திரும்பச் செய்தேன். ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் நீலம் ஒரு இழை குறைகிறது. யாரோ களைத்துப்போவது போல.

சொன்னால் சிரிப்பீர்கள். அக்காவிடம் பேசத் தொடங்கிவிட்டேன். 'நீங்க போங்க அக்கா, நான் பாத்துக்கறேன்' என்றேன். ஜன்னல் மூடியிருந்தது. கோட்டின் கை மட்டும் ஆடி நின்றது. மேலே காற்றோட்டக் குழாய் இருக்கிறது, அதனால்தான் இருக்கும். ஆனாலும் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன். அதில் யாரும் உட்காருவதில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

இன்னொன்று. பழைய குழாய்ச் சோதனையையே குழுவுக்குக் காட்டிவிடலாம். 'ஒன்றும் நடக்கவில்லை' என்று அதில் எழுதியிருக்கிறது. அது பொய்யில்லை. இப்போது பார்த்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டால் வேலை கிடைக்கும், வீடு கிடைக்கும், நீங்கள் வருவீர்கள். சொல்லாமல் இருப்பதும் பொய்யா அப்பா?

அம்மாவுக்கு நான் முத்தம் கொடுத்ததாகச் சொல்லுங்கள்.

குண்டூசி

*

ஏப்ரல் 26

அன்பு மகள் குண்டூசிக்கு,

நலம். நீ இளைத்துவிட்டாய் என்று எழுத்திலேயே தெரிகிறது.

சொல்லாமல் இருப்பது பொய்யா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு வாரமாக யோசிக்கிறேன். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லாதவரை பரவாயில்லை என்று நினைத்திருந்தேன். நீ கேட்ட பிறகு அந்த நினைப்பு ஆட்டம் கண்டுவிட்டது. எனக்கு விடை தெரியவில்லை. உன் அம்மாவைக் கேட்க வேண்டும்.

மனசு லேசாக ஒரு வேடிக்கை சொல்கிறேன். சிவப்புப் பென்சில் கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது. தீர்ந்துவிடுமே என்று புதுப் பென்சில் ஒன்று வாங்கினேன். நல்ல பென்சில், தலையில் ரப்பர்கூட உண்டு. உட்கார்ந்து எழுதினால் எழுத்தே வரவில்லை. கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. 'க' ஒரு பக்கம் சாய்கிறது, 'ழ' வாலைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்கிறது. பழைய துண்டை எடுத்தேன். வரிசை கட்டிக்கொண்டு வருகிறது. சைக்கிள் கடைக்காரரிடம் சொன்னேன். 'அப்போ இத்தனை நாள் எழுதினது நீங்க இல்ல, பென்சிலா?' என்றார். சிரித்தோம். மாடி ஏறி வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தையல் மெஷினின் சக்கரம் இன்று காலை கால் சுற்றுத் திரும்பியிருந்தது. நான் தொடவில்லை. எலியாக இருக்கும்.

பென்சிலை மிச்சப்படுத்த இத்துடன் நிறுத்துகிறேன்.

உன் அப்பா

*

மே 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் செய்கிறேன்.

'எழுதினது நீங்க இல்ல, பென்சிலா' என்ற வரியைப் படித்துக்கொண்டே மேசைக்கு வந்தேன். அக்காவின் கிளறி சுற்றிக்கொண்டிருந்தது. அணைத்து, எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளை உறையில் எத்தனை கழுவினாலும் போகாத ஒரு சாம்பல் நிழல். மூன்று வருடமாகப் பார்க்கிறேன், பழையதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். முதல் வருடக் குழாயில் மட்டும் கிளறி இல்லை. கையால் குலுக்கினேன்.

புதுக் கிளறி ஒன்றைப் பிரித்து வெறும் குடுவையில் போட்டேன். நாள் முழுவதும் சுற்றியும் நீலம் வரவில்லை. சந்தோஷத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அதே புதுக் கிளறியோடு என் தங்கத்தை விட்டேன்.

அதிலும் வரவில்லை அப்பா. மறுநாளும் இல்லை.

அக்கா வேலை செய்தது பல்லேடியத்தில். அவர் கிளறிய துகள்கள் அந்த உறையின் கீறல்களில் தங்கிவிட்டன. நான் எதைப் போட்டாலும் அவைதான் சேர்த்துவைத்துக்கொண்டிருந்தன. என் தங்கம் மூன்று வருடமாக அழகாகச் சிவந்து மிதந்தது, அவ்வளவுதான்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். கிளறியைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

'யாரோடது இது?'

'அக்காவோடது சார்.'

சாம்பல் நிழலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, 'அப்போ மூணு வருஷமா அவங்கதான் வேலைக்கு வந்திருக்காங்க' என்றார். 'நீயே வந்து சொன்னியே. வெளியாள் யாராவது சொல்லியிருந்தா நம்ம ரெண்டு பேர் தலையும் உருண்டிருக்கும்.' குழுவின் முன்னால் என் பெயர் இல்லை. நிரந்தர வேலை வேறொருவருக்கு. எனக்கு வருடக் கடைசி வரை இடம் உண்டு, புதிதாகத் தொடங்கலாம். வீடு இல்லை. உங்களைக் கூட்டிவர முடியாது. மன்னியுங்கள்.

பழைய கிளறிகள் எல்லாவற்றையும் அமிலத்தில் போடச் சொல்லிவிட்டார். அக்காவுடையதைப் போட எனக்குக் கை வரவில்லை. அவர் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன். ஸ்டூலை எடுத்துவிட்டேன்.

இப்போது நலம் விசாரிக்கிறேன். உங்கள் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். அம்மாவுக்கு வலி இல்லை என்கிறீர்கள். ஒன்றும் சொல்லவில்லை என்கிறீர்கள். ஊசியில் கோத்த நூல் அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். அவள் என்ன தைத்தாள், யாரைத் திட்டினாள், எதற்குச் சிரித்தாள் என்று ஒரு வரி இல்லை.

அந்தச் சிவப்புப் பென்சிலை எடுக்காதீர்கள். புதுப் பென்சிலால், கோழி கிளறினாலும் பரவாயில்லை, ஒரு கடிதம் எழுதுங்கள். அம்மா எப்படி இருக்கிறாள்?

குண்டூசி

*

மே 30

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் இல்லை. போன் இன்னும் அலமாரியிலா? லீவு கேட்டிருக்கிறேன். ஜூன் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் எழுதிவிடுங்கள். நானாகக் கதவைத் திறந்து தெரிந்துகொள்ள என்னால் முடியாது.

குண்டூசி

*

ஜூன் 13

குண்டூசி,

புதுப் பென்சில். அப்பாதான்.

அம்மா இல்லை. டிசம்பரில் போனாள்.

முழங்காலால் இல்லை. உள்ளே நோய். அவளுக்கு முன்பே தெரியும். அதனால்தான் போன வருடம் என்னை உட்கார வைத்து எழுதச் சொல்லிக்கொடுத்தாள். எனக்குத் தெரியாது. விளையாட்டு என்று நினைத்தேன். சந்தோஷமாகக் கற்றேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னாள். 'மே வரைக்கும் அவகிட்ட சொல்லாதீங்க. விட்டுட்டு ஓடி வந்துடுவா. நீங்க எழுதுங்க, நான் எங்கேன்னு அவ கேட்கமாட்டா.' நான் சரி என்றேன். கடைசித் தடவை நீ அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் செய்துவிட்டேன். அதற்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நீ உன் பேராசிரியர் முன்னால் போய் நின்றாய். நான் உன் முன்னால் நிற்க இத்தனை நாள் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். வீடு இல்லாவிட்டால் பரவாயில்லை. இங்கே ஒரு வீடு இருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மார்ச் மாதம் நீ ஒரு வரி கேட்டாய். அவளைப் போல எழுதி உன்னை ஏமாற்றக் கூடாது என்று கடிதத்தை முடித்து மெஷின் மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் உறையில் போட எடுத்தபோது கீழே அந்த வரி இருந்தது. நான் எழுதியதாக எனக்கு நினைவில்லை. நீ ஈரத் தலையோடு போவதும் எனக்குத் தெரியாது. பென்சில் காகிதத்தின் மேல் குறுக்கே கிடந்தது. நான் எப்போதும் காதில்தான் செருகுவேன், அவளைப் போல. தூக்கத்தில் எழுதினேனோ என்னவோ. உன் கிளறிக்குக் காரணம் கிடைத்த மாதிரி இதற்கும் கிடைக்கும். நீ வந்து பார்.

அந்தச் சிவப்புப் பென்சில் துண்டு இப்போது நகம் அளவு இருக்கிறது. டப்பாவில் போட்டு, டப்பாவை அலமாரியில் போன் பக்கத்தில் பூட்டிவிட்டேன். சாவியைச் சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அது இந்த அறையில் இல்லை. நீ சொன்ன மாதிரியே செய்திருக்கிறேன்.

ஆனால் நீ கடிதத்தின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் பக்கத்தில் வைத்துப் பார். தொடங்கும்போது எழுத்து விழுந்து விழுந்துதான் வந்தது, உனக்கே தெரியும். இப்போது வரிசை கட்டுகிறது. கிழித்துப் போட்டவற்றில் ஒன்றில்கூட இப்படி வரவில்லை. மேலே 'எழுதுங்க' என்று அவள் சொன்னதை எழுதிய இடத்திலிருந்து 'ழ' வாலைச் சுழற்றிக்கொண்டு அடுத்த எழுத்தின் காலடியில் போய் உட்காருகிறது. நான் சுழற்றவில்லை. பென்சில் புதுசு, காகிதம் புதுசு, நாற்காலியைக்கூட ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டேன். கிளறியை மாற்றலாம் குண்டூசி. இந்தக் கையை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

பயமாக இல்லை. பழைய காலம் போல, என் கை சவாரி போவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உண்மையைச் சொல்லப் போனால் சந்தோஷமாகக்கூட இருக்கிறது. மணிக்கட்டில் மட்டும் கொஞ்சம் சில்லென்று இருக்கிறது. சற்று முன்னால், லிஃப்ட் கதவு திறந்து வராந்தா காலியாக இருந்தால் சொல்வேனே, அதை மட்டும் சொன்னேன். ஒரு ஆள் ஏறும் நேரம் பொறுத்தேன். பிறகு எழுதத் தொடங்கினேன்.

நீ வா.

உன் அப்பா